எண்ணெய்ச் சட்டி வைக்காத தீபாவளி

1

தைப்பிங்கில் இந்நேரம் மழை பெய்துகொண்டிருக்கும். இங்கேயும் பெய்கிறது. இரண்டு ஊரும் ஒத்துப்போவது இந்த ஒரு விஷயத்தில் மட்டும்தான். தீபாவளி முடிந்து ஒரு வாரமாகப் போகிறது. தெருவில் வெடித்த பட்டாசுக் காகிதமெல்லாம் நனைந்து மண்ணோடு ஒட்டிக் கிடக்கிறது. பெருக்கிப் பெருக்கி விளக்குமாறு தேய்ந்ததுதான் மிச்சம்.

"தாய்நாட்டில் தீபாவளி எப்படி? நம் ஊரைவிட ஜோராக இருந்திருக்குமே" என்று சிநேகிதிகள் நீங்கள் அங்கிருந்து கேட்டு எழுதுகிறீர்கள். ஜோராகத்தான் இருந்தது, தெருவில். என் வீட்டுக்குள் எப்படி இருந்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன். யார்மேல் கோபம் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. படித்துவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

என்னைத் தெரியாமல் இதை வாங்கிப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் பிறந்து வளர்ந்தது மலேசியாவில், தைப்பிங்கில். என் வீட்டுக்காரர் சின்னப் பையனாகச் செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர். அங்கே ஈயச் சுரங்கத்தில் கிரேன் ஓட்டினார். அவருக்குச் சிவப்பு அடையாள அட்டை, குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுப்பது. வேலைக்குப் பெர்மிட் வேண்டும் என்று சட்டம் வந்தபோது சிவப்பு அட்டைக்காரர்கள் பலரைப் போல அவருக்கும் பெர்மிட் கிடைக்காமல் வேலை போயிற்று. மகள் கலாவைக் கூட்டிக்கொண்டு கப்பலேறினோம். இப்போது கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் கட்டுகிற இடத்தில் கிரேன் ஓட்டுகிறார். பக்கத்துப் புதுப்பட்டினத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்றில் குடியிருக்கிறோம். முன்னால் தெரு, பின்னால் சவுக்குத் தோப்பு, அதையும் தாண்டினால் கடல்.

"சொந்த ஊருக்கு வந்துட்டீங்க, இனிமே இன்னா கவலை?" என்று பார்க்கிறவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். அவருக்குச் சொந்த ஊர்தான். எனக்கு இது வெளிநாடு, தமிழ் பேசுகிற வெளிநாடு. அதுதான் கஷ்டமே. வெள்ளைக்காரன் தேசத்துக்குப் போயிருந்தால், "பாவம், அவளுக்கு நம்ம பழக்கம் தெரியாது" என்று நான்கு பேர் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். இங்கே எனக்கு எல்லாம் தெரியும் என்று எல்லாருமே நினைத்துக்கொள்கிறார்கள்.

2

எனக்கு மலேசியப் பாஸ்போர்ட். ஆகவே நான் அந்நிய நாட்டவள். இங்கே தங்கியிருக்க அனுமதியைப் புதுப்பிக்கச் செங்கல்பட்டுக்குப் போய்வர வேண்டியிருக்கிறது. திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் கோழியும் கூடையுமாக இடித்துப் பிடித்துப் போய்ச் சேர்ந்தால், அங்கே ஒரு குமாஸ்தா. தங்கமான மனிதர்தான், ஆனால் என் கேஸ் அவருக்குப் பிடிபடவே இல்லை.

"நீ பேசறது தமிழு. பேரு தமிழு. வூட்டுக்காரரு இந்த ஜில்லா. அப்பறம் நீ இன்னாத்துக்கும்மா ஃபாரினரு?"

"பிறந்தது அங்கேங்க."

"பொறந்தா இன்னா? சதுரங்கப்பட்டினத்துல புடிச்ச மீன செங்கல்பட்டுல விக்கறான். வாங்கறவன் செங்கல்பட்டு மீனுன்னுதான் சொல்றான்."

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே, மெட்ராஸிலிருந்து காகிதம் வந்தால்தான் ரேஷன் கார்டில் என் பெயரை ஏற்ற முடியும் என்றும் சொல்லிவிட்டார். மீனுக்கு இருக்கிற சலுகை எனக்கு இல்லை. கார்டில் அவர் பெயரும் கலா பெயரும் மட்டும்தான். மண்ணெண்ணெயும் சீனியும் இரண்டு பேருக்குத்தான் அளப்பார்கள். அதுவும் கடையில் சரக்கு இருந்தால். இல்லாத மாதம் "ஸ்டாக் இல்ல" என்று பலகை தொங்கும். சோற்றையும் குழம்பையும் இறக்கிய கையோடு ஸ்டவ்வை அணைத்துவிடுவேன். வெந்நீர்கூடச் சவுக்கு மிளாறில்தான்.

3

கலாவுக்கு ஒன்பது வயது. இங்கே வந்ததிலிருந்து வெளுத்துக்கொண்டே போனாள். ஆஸ்பத்திரியில் காட்டினோம். டாக்டரம்மா கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "ரத்தம் கம்மி. எண்ணெய்ப் பலகாரம் வேணாம். எள்ளு, வேர்க்கடலை, வெல்லம், பேரீச்சம்பழம் இதெல்லாம் குடுங்க" என்றார். எனக்குச் சந்தோஷமாகப் போயிற்று. மண்ணெண்ணெய் இல்லாமல் எண்ணெய்ச் சட்டியே வைக்க முடியாதவளுக்கு, வைக்காதே என்று டாக்டரே சொன்னால் அதைவிட என்ன வேண்டும்?

அடுப்பே மூட்டாமல் என்னென்ன செய்யலாம் என்று அன்றிலிருந்து பார்க்க ஆரம்பித்தேன். தெருவில் வருகிற கடலைக்காரனிடம் வறுத்த வேர்க்கடலை வாங்குவேன். உள்ளங்கையில் தேய்த்துத் தோலை ஊதிவிட்டு உரலில் போட்டு இடிப்பேன். பாதி உடைந்ததும் வெல்லத்தைத் தட்டிப் போட்டு மறுபடி இடிக்க வேண்டும். பாகு காய்ச்ச வேண்டியதே இல்லை. கடலையிலிருந்து எண்ணெய் கக்கிக்கொண்டு வரும், வெல்லம் அதை இழுத்துக்கொள்ளும், கைக்குள் பிடித்தால் நிற்கும். மழைக்காலத்தில் வெல்லம் தானாகவே கசிந்து இளகிவிடுவதால் இன்னும் சுலபம். பொட்டுக்கடலையை மாவாக்கி, விதை எடுத்த பேரீச்சம்பழத்தோடு சேர்த்துப் பிசைந்தால் இன்னொரு உருண்டை. அவலோடு தேங்காய்ப்பூவும் வெல்லமும் ஏலக்காயும் கலந்தால் மற்றொன்று. அது மட்டும் அன்றைக்கே தின்று தீர்க்க வேண்டும்.

எள்ளுக்குத்தான் மெனக்கெட்டேன். கறுப்பு எள்ளைக் கழுவி, மழை தொடங்குவதற்கு முன்பே மொட்டைமாடித் தளத்தில் உச்சி வெயிலில் பரப்பிக் காய வைத்து, காக்காய் விரட்டி, டப்பாவில் அடைத்து வைத்திருந்தேன். சட்டியில் வறுக்காத எள் லேசாகக் கசக்கும். வெல்லத்தைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டு இடித்தால் அந்தக் கசப்பே ஒரு ருசியாகிவிடும். எல்லாவற்றிலும் கலாவுக்கு அதிகம் தேவை இதுதான் என்பதால் தீபாவளிக்கு எள்ளுருண்டைதான் நிறையப் பிடித்தேன்.

உரலைப் பின்வாசலில் போட்டு இடித்துக்கொண்டிருந்தபோது தேசம்மா வந்தாள். குப்பத்திலிருந்து மீன் கொண்டுவருகிறவள். இந்தத் தெருவில் என் வீட்டுப் படியில் உட்கார்ந்து பேசுகிற ஒரே ஆள் அவள்தான். என்னை மலேயாம்மா என்பாள். அந்தப் பெயர் தெரு முழுக்கப் பரவிவிட்டது.

"இன்னா மலேயாம்மா, ஊரே எண்ண சட்டி வெச்சிகினு கீது, நீ இன்னா உரலாண்ட நின்னுகினு கீற?"

"எண்ணெய் வேணாம்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க, தேசம்மா. இது சத்துள்ளது."

"டாக்டரம்மாவா தீபாளிக்கு உன் வூட்டுக்கு வரப்போறாங்க?" என்றபடி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஒரு கடலை உருண்டையை வாயில் போட்டாள். மென்றாள். "நல்லாத்தான் கீது. எங்க வூட்டாளு கட்டுமரத்துல போவசொல்ல முடிஞ்சி குடுக்கலாம். ஆனா தீபாளிக்கு சொய்யினு சத்தம் வரணும்மா. அதுதான் தீபாளி."

"நீ தீபாவளியன்னைக்கு வா. உனக்குன்னு எடுத்து வைக்கிறேன்."

"வரேன், வரேன்" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். நம் ஊரில் ஒருவர் வருகிறேன் என்றால் வருவார். இங்கே புறப்படும்போதெல்லாம் அப்படித்தான் சொல்கிறார்கள்.

4

இவ்வளவு இடித்தது சத்துக்காக மட்டும் இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

தைப்பிங்கில் கலா என் புடவையைப் பிடித்துக்கொண்டே திரிந்த பிள்ளை. நான் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போனால் வாசலில் நின்று அழுவாள். இங்கே வந்து சேர்ந்து கொஞ்ச காலம் இருவருமே மிரண்டு போயிருந்தோம். பிறகு அவள் மிரட்சி தெளிந்து எழுந்துவிட்டாள், நான் அப்படியே உட்கார்ந்திருக்கிறேன். பள்ளிக்கூடம் விட்டால் நேரே அடுத்த வீட்டுக்குத்தான் போகிறாள். அங்கே சரோஜா அக்கா இருக்கிறார், வேலூர்க்காரர். அவர் வீட்டுக்காரரும் கட்டுமான வேலையில்தான் இருக்கிறார். நல்ல பெண்மணி, குரல்தான் கொஞ்சம் பெரிது. அவருக்கு மூன்று பெண்கள். கலா நான்காவதாகப் போய்ச் சேர்ந்துகொண்டாள். அங்கேயே பாடம், அங்கேயே தலைபின்னல், பல நாள் அங்கேயே சாப்பாடு. சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் என் மகள் சிரிப்பது கேட்கும். நான் இந்தப் பக்கம் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருப்பேன். வீட்டுக்காரருக்கு ஷிப்டு. வந்தால் சோறு, பிறகு தூக்கம்.

ஒருநாள், "பசியாறிட்டியா கலா?" என்று கேட்டேன். "இங்க யாரும் அப்படி கேக்க மாட்டாங்கம்மா. துன்னியான்னு கேளு" என்றாள். அவள் பேசுவது இப்போது அப்படியே இந்த ஊர்ப் பேச்சு. என்னிடம் பேசும்போது மட்டும் கொஞ்சம் நிதானித்துப் பேசுவாள், விருந்தாளியிடம் பேசுவது மாதிரி. நான் கொடுத்தனுப்பும் உருண்டைகளைப் பள்ளிக்கூடத்தில் யாருக்கோ கொடுத்துவிட்டு முறுக்கு வாங்கித் தின்கிறாள் என்று சரோஜா அக்காவின் சின்னப் பெண் போட்டுக்கொடுத்தாள். நான் திட்டினேன். "எல்லார் வூட்லயும் செய்யறத நீ மட்டும் ஏம்மா செய்ய மாட்டேன்ற?" என்று கேட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பிள்ளை கையைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறாள் என்று பயந்துபோனேன். தீபாவளியன்று நம் வீட்டுக்கு ஆள்கள் வர வேண்டும், அவள் சிநேகிதிகளெல்லாம் வர வேண்டும், "எங்க அம்மா செஞ்சது" என்று அவள் தன் கையால் எடுத்துக் கொடுக்க வேண்டும். அந்த ஒரு நாளாவது அவள் நம் வீட்டுப் பெண்ணாக வீட்டுக்குள் இருக்க வேண்டும். என் ஆசை இவ்வளவுதான்.

5

நம் தீபாவளியை உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? அம்மா இரண்டு வாரத்துக்கு முன்பே ஆரம்பித்துவிடுவார். தகர அச்சுக்கு மேலேயும் கரி, கீழேயும் கரி. பிஸ்கட்டும் கேக்கும் வேகிற மணம் லைன் வீடுகள் முழுக்க நிற்கும். தீபாவளியன்று காலையில் கதவைத் திறந்து வைப்போம். அவ்வளவுதான், அழைப்பு கிழைப்பு எதுவும் கிடையாது. திறந்த கதவே அழைப்பு. எதிர்வீட்டு மலாய்க்கார அத்தை ரொக்கியா மக்சிக் பிள்ளைகளோடு வருவார். சீனத்துக் கடைக்காரர் ஆரஞ்சுப் பழத்தோடு வருவார். அப்பாவோடு வேலை செய்கிறவர்கள், அம்மாவோடு சண்டை போட்டவர்கள், தெரியாதவர்கள், தெரிந்தவர்கள் கூட்டிவந்தவர்கள் எல்லாரும் வருவார்கள். மழை கொட்டினாலும் குடையை வாசலில் சாய்த்துவிட்டு வந்து உட்கார்வார்கள். நாங்கள் வீட்டைவிட்டு நகரவே கூடாது. வருகிறவர்களைக் கவனிக்க ஆள் வேண்டுமே.

போன தீபாவளி எங்களுக்கு இல்லை. நாங்கள் வந்த சில மாதத்திலேயே மாமனார் காலமாகிவிட்டார். செங்கல்பட்டில் வீட்டுக்காரரின் தம்பி வீட்டில் பண்டிகை கொண்டாடாமல் ஒதுங்கியிருந்தோம். ஆக, தாய்நாட்டில் நான் கண்ட முதல் தீபாவளி இதுதான்.

வீட்டுக்காரரிடம், "என்னாங்க, தீபாவளிக்கு எத்தனை பேர் வருவாங்க?" என்று கேட்டேன். கொட்டாவி விட்டபடி, "யாரு வருவா? வந்தா வருவாங்க" என்றார். மனிதர் சின்ன வயதிலேயே ஊரை விட்டவர். தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார். அன்றைக்கும் அவருக்கு ஷிப்டு போட்டிருந்தார்கள்.

6

தீபாவளியன்று கலாவுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, பச்சைப் பாவாடையும் மஞ்சள் சட்டையும் போட்டுவிட்டேன். வாயில் ஓர் எள்ளுருண்டையைத் திணித்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே தின்றாள்.

"ஆள்கள் வருவாங்க. நீ இங்கயே இருக்கணும், என்னா?"

"யாரும்மா வருவாங்க?"

"எல்லாரும்தான்."

என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "சரோஜா அத்த கூப்ட்டாங்கம்மா, போய்ட்டு வந்துடறேன்" என்று ஓடிவிட்டாள்.

நான் இரண்டு கதவையும் திறந்து வைத்தேன். பாய் விரித்தேன். கப்பலில் கொண்டுவந்த கண்ணாடித் தட்டுகளை எடுத்து உருண்டைகளைக் கூம்பாக அடுக்கினேன். கடலை ஒன்றில், பேரீச்சை ஒன்றில், எள் இரண்டு தட்டில். அவல் கலந்தது பெரிய மங்குக் கிண்ணத்தில். நல்ல புடவை கட்டிக்கொண்டு, பார்த்தால் பளிச்சென்று தெரிகிற மாதிரி நடுவில் உட்கார்ந்தேன்.

தெருவில் ஒரே நடமாட்டம். பிள்ளைகள் தட்டும் கையுமாகப் போனார்கள், தட்டின்மேல் துணி மூடியிருந்தது. இந்த வீட்டிலிருந்து அந்த வீட்டுக்கும் அந்த வீட்டிலிருந்து இந்த வீட்டுக்கும் போய்வந்தபடி இருந்தார்கள். என் வாசலைத் தாண்டித்தான் போனார்கள். சிலர் உள்ளே எட்டிப் பார்த்தார்கள், நான் சிரித்தேன், அவர்களும் சிரித்துவிட்டுப் போனார்கள். முதலில் சொந்தக்காரர்களுக்குக் கொண்டுபோகிறார்கள் போல, முடித்துவிட்டு இங்கே வருவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மழை வந்தது. மழை விட்டதும் வருவார்கள் என்று நினைத்தேன். மழை விட்டது. அவலில் ஈ மொய்க்கத் தொடங்கியதால் அதை மட்டும் மூடி வைத்தேன்.

மத்தியானம் தாண்டிவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் சரோஜா அக்காவின் குரலும் பெண்களின் சிரிப்பும் கேட்டன. எழுந்துபோய்க் கூப்பிட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். தீபாவளியன்று வீட்டைத் திறந்து போட்டுவிட்டு எப்படிப் போவது? நான் போன நேரத்தில் யாராவது வந்துவிட்டால்? சொன்னால் சிரிப்பீர்கள், கடைசிவரை அந்தப் பயத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அழுகை வந்தது. புடவை புதிது என்பதால் கையால் துடைத்துக்கொண்டேன்.

மறுபடி தூறல் போட்டது. வாசலில் நிழல் விழுந்தது. யாரோ ஒருவர் கையில் தட்டோடு படியேறி நிலைப்படிக்கு வெளியே நின்றார். கண்ணில் ஈரம், எதிரே வெளிச்சம், முகம் தெரியவில்லை. அடித்துப் பிடித்து எழுந்தேன்.

"வாங்க, வாங்க! உள்ள வாங்க, உட்காருங்க!"

"நான்தாம்மா" என்றாள் கலா.

பாவாடை விளிம்பெல்லாம் சேறு. இரண்டு கையாலும் எவர்சில்வர் தட்டைப் பிடித்துக்கொண்டு, மூடிய துணி நனையாமல் இருக்கக் குனிந்து நின்றாள்.

"சரோஜா அத்த பலகாரம் குட்த்தனுப்பினாங்க. தட்ட உடனே குடும்மா."

துணியை விலக்கினேன். அதிரசம், முறுக்கு, சுழியன். இன்னும் சூடாக இருந்தது.

"காலையிலேருந்து எங்கடி இருந்தே?"

"சரோஜா அத்த வூட்டு தட்டெல்லாம் நான்தான் எட்த்துனு போய் குடுக்கறேன்." சொல்லும்போது முகத்தில் அப்படி ஒரு பெருமை. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நீ ஏம்மா யார் வூட்டுக்கும் அனுப்பல? நம்ம வூட்லேர்ந்து தட்டே வரலன்னதும் இன்னும் தீட்டு போலன்னு எல்லாரும் சொல்லிகினு கீறாங்க. அதான் யாரும் அனுப்பல. சரோஜா அத்ததான் துக்க வூடா இருந்தாலும் நாமளாவது குடுக்கணும்னாங்க."

"நான் கதவைத் திறந்து வச்சிருக்கேன்ல?"

"தொறந்திருந்தா யாராச்சும் உள்ள வந்துடுவாங்களா? தட்டு போனாத்தாம்மா தட்டு வரும்."

"உனக்குத் தெரியும்னா ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

கலா நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள். "உனக்குத் தெரியாதுன்னு எனக்கு எப்டிம்மா தெரியும்?"

 பலகாரத்தை எடுத்து வைத்துவிட்டுத் தட்டைத் துடைத்தேன். காலித் தட்டைத் திருப்பக் கூடாது என்று அது மட்டும் எனக்கே தெரிந்திருந்தது. எள்ளுருண்டைகளை எடுத்து அடுக்க ஆரம்பித்தேன்.

"ஐயோ, எள்ளு வெக்காத! ஏற்கெனவே தீட்டுன்னு கீறாங்க, இதப் பாத்தா முடிவே கட்டிடுவாங்க. கடல உருண்ட வெய்யி."

எள்ளை எடுத்துவிட்டுக் கடலையும் பேரீச்சையும் வைத்தேன். கலா வாசலில் நின்றபடியே, இது போதும், அதை நகர்த்து, துணியைச் சரியாகப் போடு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஊர்ப் பழக்கம் தெரியாத ஒருத்திக்குச் சொல்லிக்கொடுக்கிற பொறுமை அவள் குரலில் இருந்தது.

"உள்ள வாயேன் கலா. நனைஞ்சிருக்கே. கொஞ்ச நேரம் அம்மாவோட உட்காரு."

"செருப்ப அவுக்கணும்மா" என்றாள். தட்டை வாங்கிக்கொண்டு ஒரு காலைப் படியில் இறக்கிவிட்டாள். "இன்னும் நெறைய வூடு கீது."